நானூற்றுப் பதினேழின் நீலத் தையல்

பெங்களூர் பொம்மனஹள்ளியில் மலர் குடியிருக்கும் சந்தில் அவளைப் பற்றி விசாரித்தால், நல்ல பொம்பளை, யார் வம்புக்கும் போகாதவள் என்பார்கள். அது பொய்யில்லை. தண்ணீர் லாரி வரும்போதுகூடக் குடத்தை முன்னால் தள்ளிச் சண்டை பிடித்தவள் இல்லை அவள். ஆனால் ஒரு மனிதனுக்காக ஐந்து மாதம் காத்திருந்து, அவன் போட்ட சட்டத்தாலேயே அவனை மடக்கி, நானூறு பேர் பார்க்கத் தலைகுனிய வைத்தவளும் அவள்தான். அதோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை இன்றைக்கும் அந்த ஆளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறாள்.

தங்கவயல்காரி. அப்பா குணசேகர் சாம்பியன் ரீஃப்ஸ் தங்கச் சுரங்கத்தில் பாறையில் துளை போட்டவர். இறங்குமுன் துண்டை நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்வாராம். கூட வேலை செய்தவர்கள், 'குணா மாமியாரு வீட்டுக்குப் போறாரு, முக்காடு போட்டுக்கினாரு' என்று கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டவில்லை. இருமி இருமியே போனார்கள். குணசேகர் எழுபத்தொன்று வரை இருந்தார். அந்த வீட்டில் சாமி படம் கிடையாது, ஒரு புத்தர் படம் உண்டு, அதற்கும் ஊதுவத்தி கிடையாது. நுரையீரலுக்குப் பக்தி தெரியாது என்பது மலருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த பாடம் அல்ல. தெருவில் எந்த வீட்டிலிருந்து பாடை போனது, எந்த வீட்டிலிருந்து போகவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

சுரங்கம் மூடியபோது அவளுக்குப் பதினெட்டு வயது. மாரிக்குப்பம் ரயிலில் ஏறி வந்தவள், ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு சட்டை ஃபேக்டரியில் கடைசியில் நிலைத்தாள். நடுவில் கல்யாணம் என்று ஒன்று நடந்து மூன்று வருடத்தில் முடிந்தும் போனது. அவளுடைய டோக்கன் எண் 416. பக்கத்து மெஷின் 417, அது குளோரியா. அவளும் தங்கவயல், தேவாலயத்தில் பாட்டுப் பாடுகிறவள், வாய் ஓயாதவள். குளோரியா காலர் தைப்பாள். மலர் அதைச் சட்டையில் ஏற்றுவாள். பதினொரு வருடம் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டார்கள்.

ஃபேக்டரியின் தயாரிப்பு மேலாளர் ப்ரஹ்லாத். பி.எம். என்பார்கள். கொரோனாவுக்கு இரண்டு வருடம் முன்னால் அவர் ஒரு சட்டம் போட்டார். காலர் கோணலான சட்டைகள் ஒரு லோடு திரும்பி வந்துவிட்டன. எவள் தைத்தாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. துணிக்கட்டோடு போகும் டோக்கன் சீட்டு வழியிலேயே விழுந்துவிடும். ஆகவே இனி ஒவ்வொரு தையல்காரியும் தான் தைத்த துணியின் உள்மடிப்பில் தனக்கென்று ஒரு கலர் நூலில் ஒரு அடையாளத் தையல் போட வேண்டும். செக்கிங் முடிந்த பிறகு அதை வெட்டிவிடலாம். எந்த எண்ணுக்கு எந்த நிறம், எந்த வடிவம் என்று பெரிய அட்டையில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, ஒவ்வொரு மெஷின் லைனுக்கு மேலும் மாட்டினார். மலருக்கு மூன்று சிவப்புக் கோடு. குளோரியாவுக்கு நீலச் சிலுவை. 'தப்புப் பண்ணவ இனிமே தப்பிக்கவே முடியாது' என்று மீட்டிங்கில் மார்தட்டிக்கொண்டார். தீர்க்கதரிசிதான். எந்தத் தப்பு, யார் தப்பு என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

பிறகு நோய் வந்தது. நாடே தட்டைத் தட்டியது, கை தட்டியது, விளக்கேற்றியது. கிருமி காது கேளாத ஜந்து என்பதால் அது பாட்டுக்குப் பரவியது. ஊரடங்கு தளர்ந்து ஃபேக்டரி திறந்தபோது முதல் மூன்று மாதம் சட்டை இல்லை, மாஸ்க்தான். ஆயிரக்கணக்கில் தைத்து லாரி லாரியாக அனுப்பினார்கள். கேட்டுக்கு வெளியே 'முகக்கவசம் இல்லையேல் அனுமதி இல்லை' என்று ஆளுயரப் பலகை. கேட்டின் மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும். ஒவ்வொரு மெஷினிலும் மந்திரித்த மஞ்சள் கயிறு. காலையில் ஆளுக்கு அரை டம்ளர் கஷாயம். எல்லாம் இருந்தது. ஒன்றுதான் இல்லை. கேட்டைத் தாண்டியதும் செக்யூரிட்டி சொல்வான்: மாஸ்க்கைக் கழற்றிப் பையில் போடு.

காரணம் வேடிக்கையானது. முதல் வாரம் எல்லோரும் மாஸ்க்கோடுதான் தைத்தார்கள். சூப்பர்வைசர்களுக்கு ஒரு தொல்லை வந்தது. வேலை நேரத்தில் யார் பேசுகிறாள் என்பதை வாய் அசைவதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். மாஸ்க்குக்குள் ஒரு லைனின் முப்பத்தாறு வாயும் அசைந்தால் எதைப் பிடிப்பது? ஒரு வாரம் லைனே சந்தைக்கடை மாதிரி இரைந்தது. குளோரியா பாட்டே பாடினாள். எட்டாம் நாள் உத்தரவு வந்துவிட்டது. மாஸ்க் போட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது, வெள்ளைத் துணியில் வியர்வை சொட்டுகிறது, டார்கெட் குறைகிறது, ஆகவே உள்ளே வேண்டாம். பி.எம். தானும் போட மாட்டார். முகம் தெரிந்தால்தான் பயம் இருக்கும் என்பது அவர் கொள்கை.

பெண்களிலும் பாதிப் பேருக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. தகரக் கூரைக்குக் கீழே வாயை மூடினால் வெந்துபோகும். ரோட்டில் அபராதம் போடும் மார்ஷலைக் கண்டால் மாஸ்க்கை ஏற்றுவார்கள், அவர் தலை மறைந்தால் தாடைக்கு இறக்குவார்கள். ஏரோப்ளேனில் வந்த வியாதி ஏரோப்ளேனில் போகிறவர்களுக்குத்தான் வரும், நமக்கென்ன என்று சிலர். மேல்மருவத்தூர் மாலை போட்டிருக்கிறேன், அம்மா பார்த்துக்கொள்வாள் என்று ஒருத்தி. மலர் மட்டும் போராடிப் பார்த்தாள். மூன்று நாள் மாஸ்க்கோடு உட்கார்ந்தாள். மூன்று நாளும் அவளைச் செக்கிங் மேஜை ஓரத்தில் நிற்க வைத்தார்கள். நான்காம் நாள் கழற்றினாள்.

சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட்டர்கள் வரும் நாள் மட்டும் வேறு கதை. அன்று காலை ஒவ்வொரு லைனுக்கும் ஒரு அட்டைப்பெட்டி திறக்கும். உள்ளே மாஸ்க். அவர்களே தைத்து, தையல் சரியில்லை என்று கழித்த மாஸ்க். ஆளுக்கொன்று மாட்டிக்கொள்ள வேண்டும். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் சூப்பர்வைசர் அதே பெட்டியோடு வருவாள், எல்லோரும் கழற்றிப் போட வேண்டும். துவைப்பது கிடையாது. அடுத்த ஆடிட்டுக்கு அதே பெட்டி, அதே மாஸ்க், வேறு வேறு முகம்.

முதல் தடவை குளோரியாதான் அந்த விளையாட்டை ஆரம்பித்தாள். தனக்கு வந்த மாஸ்க்கின் உள்மடிப்பில் நீலச் சிலுவையை ஒரு நொடியில் போட்டாள். அடுத்த முறை தன்னுடையதே தனக்கு வர வேண்டும், என் எச்சில் என்னிடமே இருக்கட்டும் என்றாள். வரவில்லை, அது மூன்று மெஷின் தள்ளி ஒருத்திக்குப் போனது, அவள் தன் அடையாளத்தையும் அதன் கீழே போட்டாள். பார்த்த எல்லோரும் பழக ஆரம்பித்தார்கள். கை பழகிய வேலை, சட்டைக்குப் போடுவதைப் போலத்தான். மூன்றாம் ஆடிட்டுக்குள் ஒவ்வொரு மாஸ்க்கிலும் இரண்டு மூன்று பேர் குடியிருந்தார்கள். 'எனக்கு மேரியக்கா வந்துகீறாங்க, ஒனக்கு யாரு?' என்று கேட்டுச் சிரித்துக்கொண்டார்கள்.

2021 ஏப்ரல் ஏழும் எட்டும் இரண்டு நாள் ஆடிட். மலருக்கு உடம்பு கொதித்தது, தொண்டை வலித்தது. ஆடிட் நாளில் லீவு கிடையாது. மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தாள். முதல் நாள் கையில் வந்த மாஸ்க்கில் ஏற்கெனவே பச்சையும் மஞ்சளும் இருந்தன. பழக்கதோஷத்தில் மூன்று சிவப்புக் கோட்டையும் போட்டாள். நாளெல்லாம் அதற்குள் இருமினாள். மாலையில் பெட்டிக்குப் போயிற்று.

மறுநாள் காலை குளோரியா தன் கையிலிருந்ததை உள்பக்கம் திருப்பி, மலரின் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"பாருடி, ஒன்னையே எனக்குக் குடுத்துட்டானுங்க."

"அத்தப் போடாத. எனக்கு ஒடம்பு சரியில்ல."

"பதினோரு வருசமா ஒன் தட்டுல திங்கறேன். இதுல மட்டும் இன்னா வந்துடப் போவுது?"

சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டு நின்றாள். குளோரியா சிரித்தபடியே சிவப்புக்குக் கீழே நீலச் சிலுவையைப் போட்டு மாட்டிக்கொண்டாள்.

நான்கு நாளில் மலருக்குக் குழம்பு வாசனை போனது. ஏழாம் நாள் குளோரியாவுக்கு மூச்சு வாங்கியது. மலர் தன் ஒற்றை அறையில் படுத்து எழுந்துவிட்டாள். குளோரியாவைப் புருஷன் டெரிக் ஆட்டோவில் வைத்துக்கொண்டு மூன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். எங்கும் படுக்கை இல்லை. கடைசியில் தங்கவயலுக்கே கொண்டுபோனான். மே ஒன்பதாம் தேதி செத்துப்போனாள். பிளாஸ்டிக்கில் சுற்றிப் புதைத்தார்கள். பாடுவதற்குப் பாதிரியாரைத் தவிர ஆளில்லை.

மாஸ்க்கிலிருந்து வந்ததா, அல்லது மூடாத வாயோடு நாளுக்குப் பத்து மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்ததில் வந்ததா? எந்தச் சோதனைச் சாலையும் இனிச் சொல்ல முடியாது. மலருக்கு அது தெரியும். இரண்டில் எதுவானாலும் உத்தரவு போட்டவன் ஒருவன்தான் என்பதும் தெரியும். ஆனாலும் அந்த மூன்று சிவப்புக் கோடு அவளைத் தூங்க விடவில்லை.

ஜூனில் ஃபேக்டரி மறுபடியும் திறந்தது. பன்னிரண்டு பேருக்கு நோய் வந்திருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி விளக்கம் கேட்டிருந்தது. விளக்கம் தயாராக இருந்தது. வருகை பதியும் இடத்துக்குப் பக்கத்தில், எல்லோரும் கடந்துபோகும் சுவரில், கன்னடத்திலும் இங்கிலீஷிலும் ஒரு தாள். டோக்கன் எண் 417, நிர்வாகத்தின் கண்டிப்பான அறிவுரையை மீறி, ஏப்ரல் எட்டாம் தேதி முகக்கவசம் இன்றிப் பணியிடத்தில் இருந்து, வெளியிலிருந்து கொண்டுவந்த நோயைச் சகதொழிலாளருக்குப் பரப்பினார். இத்தகைய அலட்சியம் அனைவருக்கும் பாடமாக இருக்கட்டும். கீழே ப்ரஹ்லாத் கையெழுத்து.

செத்தவள் வாய் திறக்க மாட்டாள். உயிரோடிருந்தபோது அவள் வாயைத்தான் கண்காணித்தார்கள். இப்போது அந்த வாய் மூடியதே வசதியாகப் போயிற்று.

யாரோ இரண்டு முறை அதைக் கிழித்தார்கள். மூன்றாம் முறை கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுப் போட்டார் பி.எம். சாவி அவர் இடுப்புக் கொத்தில்.

குளோரியாவின் கத்தரிக்கோலையும் டிபன் டப்பாவையும் வாங்கிப்போக டெரிக் வந்தான். நின்று அதைப் படித்தான். இங்கிலீஷ் அவனுக்கு நன்றாகப் படிக்க வரும், அதுதான் வினை. நேரே மலரின் அறைக்கு வந்து வாசலிலேயே நின்றான். பத்தாவது படிக்கும் அவன் மகளுக்கும் யாரோ அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

"என் பொண்டாட்டி இன்னா கொலகாரியா மலரு?" என்றான்.

மலர் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. அந்தத் தாளை எவன் மாட்டினானோ அவன் கையாலேயே எடுக்க வைக்கிறேன், அதுவரைக்கும் ஊர்ப் பக்கம் வர மாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

மறுவாரம் பி.எம். அறைக்குப் போனாள். ஆடிட் மாஸ்க்கெல்லாம் அழுக்கேறிக் கிடக்கிறது சார், பார்க்கிறவர்கள் கேட்டுவிடுவார்கள், நான் துவைத்து இஸ்திரி போட்டு வைக்கிறேன், பெட்டிப் பொறுப்பை என்னிடம் கொடுங்கள் என்றாள். ப்ரஹ்லாத் மகிழ்ந்துபோனார். 'நோடு, பாரு, இவ ஒருத்திக்காவது புத்தி வந்துச்சே' என்றார்.

லைனில் கிடைத்த வரவேற்பு வேறு. டீ நேரத்தில் அவள் வந்தால் பேச்சு நின்றது. மலரம்மா அடுத்து சூப்பர்வைசர் ஆகப் போறாங்க, வணக்கம் வச்சுக்குங்கடி என்று ஜாடை பேசினார்கள். கூடச் சாப்பிட்டவளைக் குழியில் போட்டுவிட்டு அவனுக்குச் சொம்பு தூக்குகிறாள் என்று மேரி அவள் காதுபடவே சொல்லித் தரையில் துப்பினாள். மேரி, குளோரியாவின் தேவாலயப் பாட்டுக் கோஷ்டியில் பாடுகிறவள். மலர் மெஷினுக்குத் திரும்பினாள். பதில் சொன்னால் விஷயம் லைன் முழுக்கப் போகும். லைனில் ஒரு வாய் பி.எம். காதுக்குப் போகும்.

சாப்பாட்டு நேரங்களில் பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் கிடைத்தது. பச்சை, மஞ்சள், மூன்று சிவப்பு, கீழே நீலச் சிலுவை. சிலுவையின் ஒரு கை கொஞ்சம் நீளம். அவசரத்தில், சிரித்துக்கொண்டே போட்டது.

அதை மட்டும் துவைக்காமல் வைத்துக்கொள்ளலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அவள் மனுஷி இல்லை. ஆனால் அந்தக் கிருமி ஒரு துணியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். இருந்திருந்தாலும் துவைத்திருப்பாள், அவள் ப்ரஹ்லாத் இல்லை. இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்தாள். அவளுக்கு வேண்டியது அவன் நுரையீரல் அல்ல. அவன் முகம்.

நவம்பரில் வாய்ப்பு வந்தது. பன்னிரண்டு மணிக்கு வருவதாக இருந்த ஆடிட்டர் பதினொன்றரைக்கே கேட்டில் இறங்கிவிட்டாள். சூப்பர்வைசர்கள் பெட்டிகளோடு ஓடினார்கள். ப்ரஹ்லாத் வெறும் முகத்தோடு மலரின் நாலாம் லைன் நடுவில் நின்று, மாஸ்க் எங்கேம்மா, ஒரு மாஸ்க் கொடு, பேக, பேக, சீக்கிரம் என்று கையை நீட்டினார். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மலர் சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்து அந்தக் கையில் வைத்தாள். அவர் பார்க்கக்கூட இல்லை, மாட்டிக்கொண்டார்.

ஆடிட்டரின் பெயர் ரக்ஷா. முப்பது வயதிருக்கும், கையில் ஒரு டேப், அதில் கேள்விப் பட்டியல். அவசர வழி, முதலுதவிப் பெட்டி, குடிநீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு நாலாம் லைனுக்கு வந்து, மாஸ்க் தினமும் கொடுக்கிறீர்களா என்றாள்.

"டெய்லி ஃப்ரெஷ் மேடம்," என்றார் ப்ரஹ்லாத் கன்னடத்தில். "ஒரு நாள் யூஸ் பண்ணா அடுத்த நாள் டிஸ்போஸ். இது நான் காலைல புதுசா எடுத்தது."

மலர் எழுந்து நின்றாள். லைனில் கையைத் தூக்காமல் யாரும் எழுவது கிடையாது. பக்கத்து மெஷின் நின்றது, அதற்கடுத்தது நின்றது, கடைசி வரை நின்றது.

"சார் போட்டுகினு இருக்கிற மாஸ்க்க உள்பக்கம் திருப்பிப் பாருங்க மேடம். அது புதுசு இல்ல. அவருக்கு முன்னாடி அத்த நாங்க நாலு பேரு போட்டிருக்கோம்."

ப்ரஹ்லாத் இங்கிலீஷுக்குத் தாவினார். இந்தப் பெண்ணுக்குக் கொரோனா வந்து போனதிலிருந்து மனநிலை சரியில்லை, மனிதாபிமானத்தில் வைத்திருக்கிறோம், வாருங்கள், அடுத்த லைனைக் காட்டுகிறேன் என்றார்.

"எங்க வீட்லயும் தமிழ்தான் சார், அவங்க சொல்றது புரியுது," என்றாள் ரக்ஷா. "கழட்டிக் காட்டுங்க."

"ஃப்ளோர்ல மாஸ்க்கக் கழட்டக் கூடாது மேடம். ரூல் இருக்கு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒன்றரை வருடமாக முப்பத்தாறு வாயைத் திறந்து வைத்த மனிதர், முதல்முறையாக ஒரு மாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

மலர் தன்னுடையதைக் கழற்றினாள். உள்பக்கம் திருப்பி மெஷின் மேல் வைத்தாள். மூன்று நிறத்தில் மூன்று அடையாளம். மேரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே தன்னுடையதைக் கழற்றித் திருப்பி வைத்தாள். பிறகு அவளுக்கடுத்தவள். பிறகு எல்லோரும். முப்பத்தைந்து மெஷின் மேல் முப்பத்தைந்து துணி, ஒவ்வொன்றிலும் அடுத்தவள் எச்சிலின் அத்தாட்சி.

இது என்ன அடையாளம் என்று ரக்ஷா கேட்டாள். மலர் மேலே தொங்கிய அட்டையைக் காட்டினாள். எண், நிறம், வடிவம், கீழே பி.எம். கையெழுத்து. படிக்கத் தெரிந்த யாரும் படிக்கலாம். தப்புப் பண்ணினவள் தப்பிக்க முடியாத அட்டை.

ப்ரஹ்லாத் கழற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ரக்ஷா அதை விரல் நுனியில் பிடித்துத் திருப்பி, அட்டையைப் பார்த்துப் பார்த்து வாசித்தாள். பச்சை, நானூற்று ஒன்பது. மஞ்சள், நானூற்று இருபத்திரண்டு. இரண்டு பேரும் எழுந்தார்கள். மூன்று சிவப்பு, நானூற்றுப் பதினாறு. நான்தான் மேடம் என்றாள் மலர்.

"நீலம், சிலுவை. நானூத்திப் பதினேழு. அவங்க எங்க?"

எல்லோரும் காலியாக இருந்த மெஷினைப் பார்த்தார்கள்.

"வெளிய கண்ணாடிப் பொட்டிக்குள்ள கீறா மேடம்," என்றாள் மலர். "வாங்க, காட்டறேன்."

அவர்கள் வெளியே வந்தபோது சாப்பாட்டு மணியும் அடித்தது. எல்லா லைனும் காலியாகி, நானூறு பேர் படிக்கட்டிலும் முற்றத்திலும் நின்றார்கள். ரக்ஷா அந்தத் தாளைப் படித்தாள். மலர் பக்கத்தில் நின்று, நிதானமாக, மனப்பாடம் செய்ததுபோலச் சொன்னாள். ஏப்ரல் எட்டாம் தேதி இவள் மாஸ்க் போடவில்லை என்று இதில் எழுதியிருக்கிறது. அதே ஏப்ரல் எட்டாம் தேதி உங்கள் ஆட்கள் வந்து, எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள் என்று எழுதிக்கொண்டு போனார்கள். இரண்டும் நிஜமாக இருக்க முடியாது மேடம். அன்றைக்கு அவள் போட்டிருந்தாள். எதைப் போட்டிருந்தாள் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

ரக்ஷாவின் முகம் சிவந்தது. அந்த அடி ப்ரஹ்லாத்துக்கு மட்டும் விழுந்ததல்ல. என்ன வேண்டும் உங்களுக்கு என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். அந்தப் பேப்பர அவரே எடுக்கணும். எடுத்து என் கையில குடுக்கணும்."

ப்ரஹ்லாத் சுற்றிலும் பார்த்தார். ஆடிட்டர் நகர்வதாக இல்லை. இடுப்புக் கொத்திலிருந்து சாவியைத் தேடிக்கொண்டு பெட்டியை நெருங்கினார். அப்போதுதான் ஐந்து மாதமாக வைத்திருந்த வாக்கியத்தை மலர் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"மாஸ்க் போட்டுக்குங்க சார். இத்தினி பேரு முன்னாடி நிக்கிறீங்க, ரூல் இருக்கு."

பக்கத்தில் வேறு மாஸ்க் இல்லை. ஆடிட்டர் தன் கையிலிருந்ததை அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கினார். முதல் தடவை போட்டபோது அது என்னவென்று அவருக்குத் தெரியாது. இந்தத் தடவை தெரியும். உள்பக்கத்தை அவர் பார்த்தார், பார்க்காமல் இருக்க முடியவில்லை. சிவப்பு, நீலம். பிறகு அதை மூக்கின் மேல் ஏற்றினார். செத்தவளின் துணிக்குள் மூச்சு விட்டுக்கொண்டு, பூட்டைத் திறந்து, தாளை எடுத்து, மலரிடம் கொடுத்தார். அவர் மூச்சு வேகமாக இழுத்து விட்டதில் துணி உள்ளே போய் வெளியே வந்தது. நானூறு பேரும் அதைத்தான் பார்த்தார்கள். குளோரியா கடைசியாக அப்படித்தான் மூச்சு விட்டாள் என்று டெரிக் சொல்லியிருந்தான்.

மன்னிச்சுக்கோம்மா என்று மாஸ்க்குக்குள் ஏதோ முனகினார். சரியாகக் கேட்கவில்லை சார் என்றாள் மலர். இரண்டாம் தடவை அவர் சொல்லவில்லை. அறைக்குத் திரும்பியவர் மாஸ்க்கைப் பிய்த்து வாசலிலேயே எறிந்தார். மேரி அதை எடுத்து வந்து மலரின் பையில் வைத்தாள். அதுதான் மேரி கேட்ட மன்னிப்பு.

இதற்குமேல் நீதி, நியாயம் என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அறிக்கையில் ரக்ஷா என்ன எழுதினாள் என்று தொழிலாளிகள் யாருக்கும் தெரியாது. மறுநாளிலிருந்து தினமும் மாஸ்க் கிடைத்தது. ப்ரஹ்லாத் மூன்று மாதத்தில் வேறொரு ஃபேக்டரிக்குப் போனார், இன்னும் பெரிய பதவியில். மலர் ஏற்றிய காலர்களில் திடீரென்று தினமும் குறை கண்டுபிடிக்கப்பட்டது. அவளும் வெளியே வந்தாள். இப்போது வேறோரிடத்தில் தைக்கிறாள்.

தாளை டெரிக்கிடம் கொடுத்த அன்று சிவப்புக் கோட்டைப் பற்றியும் சொன்னாள். அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு, நாளெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள், எதில் வந்தது என்று யார் சொல்வது என்றான். நல்லவன். அந்த நல்லதனத்தை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை.

இன்றைக்கு மாஸ்க் என்றாலே சிரிக்கிறார்கள். அது ஒரு கூத்து, சும்னே, காரணமே இல்லாமல் எல்லாரையும் பயமுறுத்தினார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள். மறதி ஒரு வசதி. செத்தவர்களைத் தவிர எல்லோருக்கும் கிடைக்கும். ப்ரஹ்லாத்துக்கு அந்த வசதியைக் கொடுப்பதில்லை என்று மலர் முடிவு செய்திருக்கிறாள். ஒவ்வொரு மே ஒன்பதாம் தேதியும், காலை ஷிஃப்டுக்கு முன், தகரப் பெட்டியிலிருந்து அந்த மாஸ்க்கை எடுத்து, உள்பக்கம் திருப்பி, போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். ஒரு எழுத்தும் எழுதுவதில்லை. அவர் இரண்டு முறை எண்ணை மாற்றினார். லைன் லைனாகப் பெண்கள் இருக்கும் ஊரில் ஒரு எண்ணைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. இந்த வருடமும் அனுப்பினாள். ஒன்பது நிமிடத்தில் அவர் பார்த்துவிட்டதாகக் காட்டியது.

படத்தைக் கொஞ்சம் வெட்டி, நீலச் சிலுவை மட்டும் தெரிகிற மாதிரி அனுப்பேன் என்று மேரி ஒருமுறை சொன்னாள். மலர் வெட்டுவதில்லை. சிவப்பும் அதில் இருக்க வேண்டும். அனுப்பிய பிறகு அவளும் அந்தப் படத்தை ஒரு நிமிடம் பார்க்கிறாள். பிறகு மாஸ்க்கை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, வேலைக்குக் கிளம்புகிறாள்.